காதுக் குழிவையும் பார்க்க வேண்டிய நோய்

முகத்தில் வட்டப் படையோடு வந்தவரின் காதுமடலைத் தோல் மருத்துவர் விரலால் விலக்கி உட்குழிவைப் பார்க்கிறார் என்றால், அவர் மனத்தில் ஒரு குறிப்பிட்ட நோய் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் குழிவில் மயிர்க்கால் துளைகள் விரிந்து, கறுத்த அடைப்புகளோடு புள்ளி புள்ளியாகத் தெரிகின்றனவா? உச்சந்தலையில் முடி கொட்டி வழுவழுப்பான திட்டு உண்டா? கீழுதட்டில் எங்காவது நிறம் போயிருக்கிறதா? கன்னத்து வட்டம் தனியே நின்றால் பத்து நோய்களின் பெயரைச் சொல்லலாம். இவையெல்லாம் கூடிவந்தால் பட்டியல் சட்டென்று சுருங்கும். அதில் முதலில் நிற்பது டிஸ்காய்டு லூபஸ்.

இது ஒட்டிக்கொள்ளும் நோயல்ல. உடலின் நோயெதிர்ப்பு அணுக்கள் சொந்தத் தோலின் அடித்தட்டையும் மயிர்க்கால்களையும் தாக்குவதால் வருவது. லூபஸ் குடும்பத்தில் ஒரு கோடியில் எஸ்.எல்.இ. இருக்கிறது, அது சிறுநீரகம், மூட்டு, இரத்தம், மூளை என்று உள்ளுறுப்புகளைப் பிடிக்கும். மறு கோடியில், பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும் டிஸ்காய்டு. எஸ்.எல்.இ.யில் ஓர் ஆணுக்கு ஏறத்தாழ ஒன்பது பெண்கள். டிஸ்காய்டில் இரண்டு மூன்று பெண்கள். 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குவது அதிகம். உயிரைப் பறிப்பது அரிது.

நோயாளிக்கு ஆறுதல் தரும் இந்தக் கடைசிச் செய்தியே அவருக்குக் கேடாகவும் முடிகிறது என்பது என் எண்ணம். உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்ததும் எல்லோர் கவனமும் "இது எஸ்.எல்.இ.யாக மாறுமா?" என்ற ஒரே கேள்விக்குத் தாவிவிடுகிறது. இரத்தச் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தால் மருத்துவர், நோயாளி, வீட்டார் எல்லோருக்கும் நிம்மதி. அந்த நிம்மதியில் கழியும் மாதங்களில்தான் முகத்தில் தழும்பு விழுகிறது, முடி திரும்ப முளைக்காத இடங்கள் உருவாகின்றன.

அந்த மாதங்கள் எப்படிக் கழிகின்றன என்பதைக் கொழிஞ்சாம்பாறையை வைத்துப் பேசுவது வசதி. மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயில், சித்தூர் தாலுகாவின் கிழக்கோரத்து ஊர் அது. பக்கத்திலேயே வடகரப்பதி, எருத்தேம்பதி. வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம். கேரளம் என்றதும் மனத்தில் எழும் அடைமழை இங்கே கிடையாது. தென்னந்தோப்பும் நிலக்கடலைக் காடும் காய்கறித் தோட்டமுமாக, கோவைப் பக்கத்தின் நீட்சியாகவே கண்ணில் படும். வைத்தியத்துக்கு மேற்கே போனால் சித்தூர், பாலக்காடு. கிழக்கே வேலந்தாவளம் தாண்டினால் கோவை, கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி.

இந்தப் பக்கத்தில் தோட்டவேலைக்கும், கேரளத்தில் தொழிலுறப்பு என்று சொல்லும் நூறு நாள் வேலைக்கும் போகிற, 33 வயதுப் பெண் ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். கன்ன எலும்பின் மேல் ஒரு ரூபாய்க் காசளவு சிவப்பு. மாநிறத் தோலில் அது சிவப்பாகக்கூடத் தெரியாது. கருஞ்சிவப்பாக, சில சமயம் வெறும் கறுப்பாகத் தெரியும். வீட்டில் முதலில் மங்கு என்பார்கள். மங்கு இரண்டு கன்னத்திலும் மேகம் போலப் பரவும். அதில் செதிலும் இராது, தோல் குழியவும் செய்யாது. பிறகு தேமல் என்பார்கள். தேமலை நகத்தால் சுரண்டினால் மாவுபோல உதிரும். டிஸ்காய்டின் செதில் அப்படி உதிராது, ஒட்டிக்கொண்டிருக்கும். வலிக்க வலிக்க உரித்துத் திருப்பினால் அடியில் ஆணி முனைகள் போலச் சிறு முட்கள் நிற்கும். மயிர்க்கால்களில் இறங்கி அடைத்திருந்த செதில் அச்சோடு வெளியே வந்தது அது. தலையில் திட்டு விழுந்தால் புழுவெட்டு என்று சொல்லிச் சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்ப்பார்கள். புழுவெட்டில் முடி போனாலும் துளைகள் அப்படியே இருக்கும், பெரும்பாலும் முடி திரும்பிவிடும். டிஸ்காய்டில் துளையே மறைந்துபோகும். போதாததற்கு, காயமோ உரசலோ பட்ட இடத்திலேயே புதிய திட்டு கிளம்பும் குணமும் இந்த நோய்க்கு உண்டு. வெங்காயத் தேய்ப்பு அதற்கு இடம்கொடுப்பதாகவே முடியும்.

தொழுநோய் பயமும் வரும். கேரளத்தில் அசுவமேதம் என்ற பெயரில் வீடு வீடாகப் போய் வெளிறிய திட்டுகளைத் தேடும் அரசு இயக்கம் 2018 முதல் நடக்கிறது. ஆஷா பணியாளர் வந்து திட்டைத் தொட்டுப் பார்த்து உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்பார். தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி மங்கும். டிஸ்காய்டு திட்டில் மங்காது, வெயில் பட்டால் எரியக்கூடச் செய்யும். உணர்ச்சி இருப்பதால் தொழுநோய்ப் பட்டியலிலிருந்து அவள் விடுபடுகிறாள். அது வேறு என்ன என்று பார்க்கும் வேலை அந்த இயக்கத்துக்கு இல்லை.

இந்தச் சுற்றுக்கெல்லாம் நடுவே மருந்துக்கடைக் குழாய் ஒன்று வந்திருக்கும். நம் ஊர்க் கடைகளில் படைக்கும் அரிப்புக்கும் மங்குக்கும் ஒரே மருந்தாக விற்கப்படும் கலவைக் களிம்புகளில் வலுவான ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, நுண்ணுயிர்க்கொல்லி மூன்றும் இருக்கும். இந்தியாவின் 12 தோல் சிகிச்சை மையங்களில் முகத்தோல் பிரச்சினைகளோடு வந்த 2,926 பேரை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு களிம்பு பூசிவந்தது தெரிந்தது. 2018இல் மத்திய அரசு இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சட்டம் வந்துவிட்டது, கடைக்காரரின் பழக்கம் மாறுவதற்குக் காலம் பிடிக்கும்.

டிஸ்காய்டு லூபஸில் இந்தக் குழாய் செய்யும் கேடு மற்ற நோய்களில் செய்வதைவிடச் சிக்கலானது. பூஞ்சைப் படையில் ஸ்டீராய்டு தவறான மருந்து. படை பரவும், விஷயம் வெளியே வந்துவிடும். டிஸ்காய்டிலோ அது பாதி சரியான மருந்து. தோல் மருத்துவரும் வலுவான ஸ்டீராய்டு களிம்பைத்தான் எழுதுவார். கால அளவோடு, கண்காணிப்போடு, வேறு மருந்துகளுக்குத் துணையாக. கடையில் வாங்கிப் பூசினால் சிவப்பு வடியும், செதில் உதிரும், நோய் போய்விட்டது என்று தோன்றும். நிறுத்தினால் திரும்பும். மறுபடி பூசினால் மறுபடி வடியும். இப்படியே ஒரு வருடம் ஓடிவிடும். அடியில் அழற்சி மெல்லப் புகைந்து மயிர்க்கால்களைத் தின்றுகொண்டிருக்க, மேலே ஸ்டீராய்டு தன் பங்குக்குத் தோலை மெலியவைத்திருக்கும். கடைசியில் மருத்துவர் முன்னால் உட்காரும்போது, குழிந்த தோலில் எவ்வளவு நோயால், எவ்வளவு களிம்பால் என்று பிரித்துச் சொல்வது அவருக்கே சிரமம்.

தழும்பு ஏன் விழுகிறது என்பதை நுண்ணோக்கியில் பார்த்தால் புரியும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு மேல்தோல் அணுக்கள் சாகின்றன. எல்லோருக்கும் சாகின்றன, எல்லோருடைய உடலும் அவற்றை ஓசையின்றி அப்புறப்படுத்துகிறது. லூபஸ் உள்ளவரிடம் அந்தச் சுத்திகரிப்பு ஒழுங்காக நடப்பதில்லை. செத்த அணுக்களின் உட்கருப் பொருட்கள் வெளியே கிடந்து நோயெதிர்ப்பை உசுப்புகின்றன. வைரஸ் தாக்கினால் உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான், வைரஸே இல்லாமல் இங்கே சுரக்கிறது. அதன் அழைப்பில் வந்து குவியும் டி அணுக்கள் மேல்தோலும் கீழ்த்தோலும் சந்திக்கும் கோட்டைத் தாக்குகின்றன. மற்றத் தோல் லூபஸ் வகைகள் பெரும்பாலும் மேல்மட்டத்தோடு நின்றுவிட, டிஸ்காய்டில் படை மயிர்க்காலைச் சுற்றிக் கீழே இறங்குகிறது. முடியைத் திரும்ப முளைக்கவைக்கும் மூல அணுக்கள் மயிர்க்காலின் நடுவிலே ஒரு புடைப்பில் இருக்கின்றன. அந்தப் புடைப்பு அழிந்தபின் எந்த மருந்தும் முடியைத் திருப்பித் தராது. நிற அணுக்களும் அந்தச் சண்டையில் மாள்வதால் வட்டத்தின் நடு வெளுக்கிறது. சிதறிய நிறம் கீழ்த்தோலில் தேங்குவதால் விளிம்பு கறுக்கிறது. வெள்ளைத் தோலில் ஒரு மங்கிய வடுவாக முடிவது நம் தோலில் வெள்ளையும் கறுப்புமாக எடுத்துக்காட்டி நிற்பது இதனால்தான்.

2005இல் பென்சில்வேனியாவிலிருந்து வெளியான ஓர் அளவுகோல் இந்த இடத்தில் கவனத்துக்குரியது. தோல் லூபஸை மதிப்பிடும் அந்த முறையில் இரண்டு தனித்தனி மதிப்பெண்கள்: இப்போது எரிந்துகொண்டிருக்கும் நோய்க்கு ஒன்று, ஏற்கெனவே விழுந்த சேதத்துக்கு ஒன்று. முதல் எண்ணை மருந்து இறக்கும். இரண்டாவது எண் ஏறினால் இறங்குவது அரிது. இன்றைய மருந்துச் சோதனைகள் பெரும்பாலும் இந்த அளவுகோலையே பயன்படுத்துகின்றன. சிகிச்சையின் வேலை இரண்டாவது எண் ஏறாமல் பார்த்துக்கொள்வது என்று அந்தப் படிவமே சொல்கிறது. நம் வெளிநோயாளிப் பிரிவுகளின் அவசரத்தில் முதலில் எழுதப்படுவதோ இரத்தச் சோதனைச் சீட்டு.

அந்தச் சீட்டில் இருப்பது பெரும்பாலும் ஏ.என்.ஏ. எனப்படும் உட்கரு எதிர்ப்பொருள் சோதனை. எஸ்.எல்.இ.யில் ஏறத்தாழ எல்லோருக்கும் இது பாசிட்டிவ். தோலோடு நிற்கும் டிஸ்காய்டில் பலருக்கு நெகட்டிவ், மற்றவர்களுக்கு லேசான அளவு. ஆகவே ஏ.என்.ஏ. நெகட்டிவ் என்று வந்தால் "இப்போதைக்கு எஸ்.எல்.இ. இல்லை" என்பதற்கு அது ஆதரவு. அதை வைத்து "லூபஸே இல்லை" என்று வீட்டுக்கு அனுப்புவது தவறு. தோலின் நோயைத் தோலில்தான் தேட வேண்டும். வட்டத்தின் விளிம்பில், இன்னும் வெளுக்காத இடத்தில், மரத்துப்போக ஊசி போட்டு நான்கு மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டக் கத்தியால் எடுக்கும் பயாப்சி விஷயத்தைச் சொல்லிவிடும். பழைய தழும்பின் நடுவில் எடுத்தால் தழும்பு என்ற பதில்தான் வரும். காசநோய்க் கிருமியால் முகத்தில் வரும் தோல் காசத்தையும் இதிலிருந்து பிரித்துக் காட்டுவது அதே பயாப்சிதான். காசநோய் நம்மைவிட்டுப் போகாத நாட்டில் இது சிறிய பயனல்ல.

இனி அந்தப் பெரிய கேள்வி. டிஸ்காய்டு எஸ்.எல்.இ.யாக மாறுமா? 1872இல் வியன்னாவின் மோரிட்ஸ் கபோசி, தோலில் வட்டமாக நிற்கும் வடிவத்தையும் காய்ச்சலும் மூட்டுவலியுமாக உடம்பெங்கும் பரவும் வடிவத்தையும் பிரித்துச் சொன்னார். அன்று முதல் இவை இரண்டு நோய்களா, ஒரே நோயின் இரண்டு முகங்களா என்ற வாக்குவாதம் ஓயவில்லை. கழுத்துக்கு மேலே மட்டும் திட்டுகள் உள்ளவர்களில் ஏறத்தாழ 5 சதவீதத்தினருக்கும், கழுத்துக்குக் கீழும் பரவியவர்களில் 20 சதவீதம் வரையிலானவர்களுக்கும் பின்னாளில் எஸ்.எல்.இ. வரலாம் என்று பாடநூல்கள் சொல்கின்றன. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 40 ஆண்டு மருத்துவப் பதிவுகளைத் துழாவிய ஆய்வு ஒன்று, எல்லாத் தோல் லூபஸ் வகைகளையும் சேர்த்து 20 ஆண்டுகளில் 19 சதவீதம் என்றது. மாறியவர்களுக்கு அதற்குச் சராசரியாக எட்டு ஆண்டுகள் ஆயின. சுவீடனின் தேசியப் பதிவேட்டிலோ மூன்றே ஆண்டுகளில் 18 சதவீதம்.

இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்று, காலம் மட்டும் இவ்வளவு மாறுபடுவது ஏன்? மருத்துவமனைக்கு வருபவர்களை எப்போது எண்ணத் தொடங்குகிறோம் என்பதையும், எஸ்.எல்.இ. என்று எதை அழைக்கிறோம் என்பதையும் பொறுத்தது அது. 1997இல் திருத்தப்பட்ட அமெரிக்க வரையறையில் 11 அம்சங்களில் நான்கு இருந்தால் எஸ்.எல்.இ. அந்த நான்கும் டிஸ்காய்டு திட்டு, கன்னச் சிவப்பு, வெயில் ஒவ்வாமை, வாய்ப்புண் என்று தோலிலும் வாயிலுமே இருந்துவிடலாம். உள்ளுறுப்பு எதுவும் கெடாத ஒருவர் காகிதத்தில் எஸ்.எல்.இ. நோயாளியாகிவிடுவார். 2019இல் ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வரையறையில் ஏ.என்.ஏ. வாசல்படி, அதைத் தாண்டியபின் 10 புள்ளிகள் வேண்டும். டிஸ்காய்டு திட்டுக்கு 4 புள்ளிகள்தான். தோல் பிரிவில் எத்தனை அம்சம் இருந்தாலும் அதிகபட்சமான ஒன்றுதான் கணக்கில் சேரும். பழைய முறையில் "மாறியவர்" என்று எண்ணப்பட்டவர்களில் சிலர் புதிய முறையில் மாறாதவர்கள்.

ஆக, நோயாளிக்குச் சொல்ல வேண்டியது சதவீதம் அல்ல, எதைக் கவனிக்க வேண்டும் என்பது. கழுத்துக்குக் கீழே, கை மார்பு முதுகில் திட்டுகள் பரவுவது. காலையில் விரல் மூட்டுகள் பிடித்துக்கொள்வது. காரணமில்லாத காய்ச்சல், இரத்தசோகை, வெள்ளணுக் குறைவு. ஏ.என்.ஏ. உயர்ந்த அளவில் வருவது. நகக்கண்ணை ஒட்டிய தோலில் சிறு இரத்தக்குழாய்கள் விரிந்து தெரிவது. எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறுநீரில் புரதம். இதைக் கண்டுபிடிக்கப் பெருநகரம் தேவையில்லை. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிறுநீரில் பட்டையை நனைத்துப் பார்த்துவிடலாம், இரத்த அழுத்தமும் பார்த்துவிடலாம். எஸ்.எல்.இ. உள்ளவர்களில் 15 முதல் 25 சதவீதத்தினருக்கு டிஸ்காய்டு திட்டுகளும் உண்டு. சிலருக்கு அவையே முதல் அடையாளம். எனவே கண்டுபிடித்த அன்று ஒருமுறை முழுதாகப் பார்ப்பது, பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவது இந்தச் சிறு சோதனைகளைத் திரும்பச் செய்வது என்பது நியாயமான ஏற்பாடு. எல்லைப்புற நோயாளிக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு சீட்டு பாலக்காட்டில், ஒரு அறிக்கை கோவையில், மருந்து பொள்ளாச்சிக் கடையில். மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் ஒரே ஆள் அவர்தான். கைபேசியில் மாதம் ஒரு புகைப்படம், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், தேதியோடு எடுத்து வைத்துக்கொண்டால் எந்த மருத்துவரிடம் போனாலும் பயன்படும்.

அரிய தொடர்புகளும் சில உண்டு. பிறவியிலேயே காம்ப்ளிமென்ட் என்னும் இரத்தப் புரதங்களில் சில குறைந்தவர்களுக்கு லூபஸ் எளிதில் வருகிறது. வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்ல முடியாத ஒரு பரம்பரை நோயில், மகனுக்கு அடிக்கடி சீழ்க்கட்டிகள் வர, அந்த மரபணுவைச் சுமக்கும் தாய்க்கு முகத்தில் டிஸ்காய்டு போன்ற வட்டங்கள் தோன்றுவது பதிவாகியிருக்கிறது. தாயின் கன்னத்தைப் பார்த்து மகனின் நோயை ஊகிக்கும் வாய்ப்பு மருத்துவத்தில் எப்போதாவதுதான் கிடைக்கும்.

மருந்து விஷயத்தில் கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் ஒரு சரித்திரம் கிடக்கிறது. தெற்கே தெரியும் ஆனைமலைக்குள் வால்பாறையைத் தாண்டினால் சின்கோனா என்றே பெயர் கொண்ட இடம் இருக்கிறது. மலேரியாவுக்குக் கொயினா எடுக்க அந்த மரத்தை அரசு வளர்த்த காலத்தின் பெயர் அது. இப்போது அங்கே தேயிலை. 1860களில் நீலகிரியில் மக்கைவர் நட்ட மரங்களில் தொடங்கியது தென்னிந்தியாவின் சின்கோனாக் கதை. அதே கொயினாவை 1894இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் பெய்ன் லூபஸுக்குக் கொடுத்துப் பார்த்துப் பலன் கண்டதாகச் சொன்னார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் உலகப்போரில் படைவீரர்களுக்குக் கொடுக்கப்பட்ட செயற்கை மலேரியா மருந்தான மெபாக்ரின் லூபஸை அடக்குவதை 1951இல் பேஜ் என்பவர் லான்செட் இதழில் எழுதியபின்தான் மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. 1955இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் இன்றுவரை டிஸ்காய்டுக்கு முதல் மாத்திரை.

மெதுவான மருந்து இது. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். "பத்து நாள் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்துபவர்கள் அதிகம். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது 2016 முதல் அமெரிக்கக் கண் மருத்துவர்கள் சொல்லும் வரம்பு. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 250 மில்லிகிராம். தினம் 400 எழுதினால் அதிகம். மிஞ்சினால், ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால், விழித்திரை கெடலாம். தொடக்கத்தில் ஒரு கண் பரிசோதனை, ஐந்து ஆண்டுக்குப் பின் வருடந்தோறும் ஒன்று. கருவுற்றிருக்கும்போதும் தொடரக்கூடிய மருந்து என்பது இளம்பெண்களுக்குப் பெரிய சௌகரியம். இதற்கு அடங்காதபோது மெத்தோட்ரெக்சேட், மைக்கோபினோலேட் என்று போவார்கள். தாலிடோமைடு நன்றாகவே வேலை செய்யும். கருவைக் குலைப்பதும் நரம்பைக் கெடுப்பதும் அதன் விலை.

2020 மார்ச்சில் இந்தச் சாதாரண மாத்திரை உலகச் செய்தியானது. கோவிட்டுக்கு உதவும் என்ற பேச்சு கிளம்பியதும் கடைகளில் தீர்ந்துபோனது. இந்திய அரசு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. சீட்டின்றி விற்பதை இறுக்கியது. அதே வாரங்களில் கேரள, தமிழ்நாட்டு எல்லையும் மூடிக்கொண்டது. எல்லைச் சாவடிகளான வாளையாறும் வேலந்தாவளமும் அனுமதிச் சீட்டுக் கேட்கும் இடங்களாக மாறின. கோவையில் வைத்தியம் பார்த்துவந்த சித்தூர்த் தாலுகாக்காரர்கள் பொதுவாகப் பட்ட பாட்டில் லூபஸ்காரர்களுக்குக் கூடுதல் பங்கு. கோவிட்டுக்கு அந்த மாத்திரை உதவாது என்று பெரிய சோதனைகள் பின்னர் சொல்லிவிட்டன.

மாத்திரைக்கும் முன்னால் வர வேண்டியது வெயில் தடுப்பு. இதில் ஊர்ப் பேச்சில் ஒரு தடுமாற்றம் இருக்கிறது. எல்லாம் சூட்டினால் வந்தது என்று சொல்லி மோரும் இளநீரும் வெந்தயமும் கொடுப்பார்கள். லூபஸைக் கிளப்புவது வெப்பம் அல்ல, புற ஊதாக் கதிர். இரண்டும் சேர்ந்தே வருவதால் பாலக்காட்டில் பிரித்தறிவது கடினம். கேரளத் தொழிலாளர் துறை கோடையில் மதியம் 12 முதல் 3 வரை வெளிவேலையை நிறுத்தச் சொல்வது வெப்பத் தாக்குதலிலிருந்து காக்க நல்ல ஏற்பாடு. ஆனால் காலை பத்து மணிக்கே புற ஊதா ஏறிவிடுகிறது. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெளியிடும் புற ஊதாக் குறியீடு 2025 மார்ச்சில் பாலக்காட்டில் 11ஐத் தொட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதற்கு மேல் படியே இல்லை.

வெப்பமும் புற ஊதாவும் வெவ்வேறு என்பதைக் காண இடுக்கிக்குப் போகலாம். மூணாறின் தேயிலைக் காடுகளில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்களுக்குக் குளிர்தான் தெரியும், மூடுபனிதான் தெரியும். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடும். மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர். மெல்லிய மேகம் 80 சதவீதம் வரை கதிரை விட்டுவிடும். "இங்கே எங்கே வெயில்?" என்று அங்குள்ளவர் கேட்டால் அது நியாயமான கேள்வி, தவறான பாதுகாப்பு உணர்வு. பேருந்தின் ஜன்னல் கண்ணாடியும் புற ஊதாவின் ஒரு வகையை உள்ளே விடும்.

மருத்துவர் சன்ஸ்கிரீன் எழுதுவார். சோதனைச்சாலையில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அதன் எண்ணைக் கணக்கிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்குகிறவர் அதில் பாதியோ காலோதான் பூசுவார். வியர்வையில் அதுவும் வழியும். கூலிவேலைக்குப் போகும் பெண்ணிடம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசச் சொல்வது அறிவுரையாக இருக்கும், நடைமுறையாக இராது. ஆனால் இந்தப் பக்கத்துப் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டு கட்டித்தான் காட்டுக்குப் போகிறார்கள். இதைவிட நல்ல தடுப்பு மருந்துக்கடையில் இல்லை. அதோடு அகலமான விளிம்புள்ள தொப்பியும் சேர்ந்தால் காதும் கீழுதடும் மூக்கும் நிழலுக்குள் வரும். சன்ஸ்கிரீனை அந்த மூன்று இடங்களுக்கும் வைத்துக்கொண்டால் குழாய் நீண்ட நாள் வரும். வெயிலை இப்படி ஒதுக்குபவருக்கு வைட்டமின் டி குறையும் என்பதால் அதை மாத்திரையாகக் கொடுப்பதும் வழக்கம்.

புகைப்பழக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களிடம் டிஸ்காய்டு அதிகமாகவும் முரண்டாகவும் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் அவர்களுக்குச் சரியாகப் பலிப்பதில்லை என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. புகைக்காத பெண்ணும் வீட்டிலிருக்கும் புகையைச் சுவாசிக்கத்தான் செய்கிறாள்.

மனத்தின் பாதிப்பு எந்தச் சோதனைச் சீட்டிலும் வராது. தோல் லூபஸ் உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் என்பதை ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. முகத் தழும்புகளோடு மேடையேறும் ஆங்கிலப் பாடகர் சீல், அவை டிஸ்காய்டு லூபஸ் விட்டுப்போனவை என்று வெளிப்படையாகச் சொன்னவர். ஓர் ஆண், அதுவும் புகழ்பெற்றவர், அந்தத் தழும்பைத் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொள்ள முடிந்தது. பெண் பார்க்க வருகிற வீட்டில் கன்னத்து வெள்ளை வட்டத்தைக் குட்டமோ என்று கிசுகிசுக்கும் ஊரில், அதே தழும்புக்கு வேறு கணக்கு. "உள்ளுக்குள் ஒன்றுமில்லை, வெறும் தோல்தான்" என்று மருத்துவர் சொல்லும் ஆறுதல் அவள் காதில் எப்படி விழும் என்பதை யோசிக்கலாம்.

நோய் எரிந்து அணைந்தபின்னும் அந்த இடம் கவனிப்பைக் கேட்கிறது. புதிய சிவப்பு இல்லாமல் நெடுங்காலம் கழிந்தபின், நிறமூட்டும் ஒப்பனையோ, சிலருக்கு முடி நடுதலோ செய்யலாம்; அவசரப்பட்டுக் கீறினால் நோய் அங்கேயே மறுபடி கிளம்பலாம். இதைவிட முக்கியமானது இன்னொன்று. பல ஆண்டுப் பழைய தழும்பில், குறிப்பாக நிறம் போன கீழுதட்டிலும் காதிலும் உச்சந்தலையிலும், செதிலணுப் புற்று வரலாம். நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு என்று கணக்கு. நிறமில்லாத தோலுக்கு வெயிலைத் தடுக்கும் இயற்கைத் திரை இல்லை. நம் நிறத்தவருக்குத் தோல் புற்று அரிது என்ற பொது நம்பிக்கை அந்தத் திட்டுக்குள் செல்லாது. சாதாரண வெயில் புற்றைவிட இது வேகமாக நெறிக்கட்டிகளுக்குப் பரவுகிறது என்பதும் பதிவாகியிருக்கிறது. பழைய வட்டத்தில் கெட்டியான மேடோ, ஒரு மாதமாக ஆறாத புண்ணோ, தொட்டால் இரத்தம் கசியும் பொருக்கோ வந்தால், முதல் பயாப்சியில் லூபஸ் என்று வந்த அறிக்கை பையில் இருந்தாலும், அந்த இடத்தில் இரண்டாவது பயாப்சி எடுக்க வேண்டும்.